ஒரு வாய் உணவு, ஒரு வாய் ஒயின்: வாசகர் கேள்வி–பதில்

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் பயணம் செல்லும் வாசகர்களிடமிருந்தும், அங்கேயே வாழும் வாசகர்களிடமிருந்தும், ஒயினோடு இணைத்துப் பரிமாறப்படும் உணவக விருந்துகளைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, போர்தோ நகரில் பணிபுரியும் எங்கள் மகள், எங்கள் திருமண நாளை முன்னிட்டு, எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் நகரில் உள்ள ஓர் உணவகத்தில் இரவு விருந்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். ஐந்து சுற்று உணவு, ஆறு ஒயின்கள். முதலில் ஆலிவ், நெத்திலி, ஊறவைத்த மிளகாய் மூன்றையும் கோத்த குச்சியோடு மான்சனீயா ஷெர்ரி. அடுத்து கடல் சிப்பியோடு சாப்லி. பிறகு பச்சைச் சாற்றில் வெந்த மெர்லூசா மீனோடு அல்பரீன்யோ. சுட்ட ஆட்டுக்குட்டி இறைச்சியோடு ரியோஹா கிரான் ரெசெர்வா ஒன்றும் போர்தோவின் போயாக் ஒன்றும் அருகருகே. கடைசியாக ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு சோத்தெர்ன். என் கணவர் எப்போதாவது அருந்துபவர். நான் இதுவரை ஒயினைச் சுவைத்ததே இல்லை. எதை எதற்காக இணைத்திருக்கிறார்கள், எப்படிச் சுவைக்க வேண்டும் என்று சொல்வீர்களா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் தம் வேலையை நன்கு அறிந்தவர். உப்பில் தொடங்கி, புளிப்பு வழியாகத் துவர்ப்புக்குச் சென்று, இனிப்பில் முடிகிற இந்த வரிசையில் ஒவ்வொரு ஒயினும் அடுத்ததற்கு வாயைத் தயார் செய்கிறது.

சுவைக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயின் கோப்பைக்கு வந்ததும், உணவைத் தொடுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்து, ஒரு சிறு வாய் அருந்தி, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி சில விநாடிகள் வைத்திருந்து விழுங்குங்கள். பிறகு உணவில் ஒரு வாய் எடுத்து மென்று விழுங்குங்கள். உணவின் சுவை வாயில் தங்கியிருக்கும்போதே அதே ஒயினை மீண்டும் அருந்துங்கள். இணை சரியா தவறா என்பதை இந்த இரண்டாம் வாய்தான் சொல்லும். கோப்பையில் இருக்கும் ஒயின் அதேதான். இடையில் உப்பும் கொழுப்பும் புளிப்பும் உங்கள் வாயை மாற்றியிருக்கும். புத்தகங்கள் சொல்லும் பழ வாசனைகளையும் பூ வாசனைகளையும் தேடிக் களைக்க வேண்டாம். இரண்டாம் வாயில் ஒயின் மென்மையானதா, கடுமையானதா, இனித்ததா, தட்டையாகிப் போனதா என்பதை மட்டும் கவனித்தால் முதல் விருந்துக்கு அதுவே போதுமானது.

மான்சனீயா உங்களைத் திடுக்கிட வைக்கக்கூடும். அதில் இனிப்பே இருக்காது. ஸ்பெயினின் தென்கோடியில், குவாதல்கிவிர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த சான்லூக்கர் தே பாரமேதா என்ற ஊரில், பலோமினோ என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து அது உருவாகிறது. நொதித்த ஒயினோடு திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹாலை ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு உயர்த்தி, பீப்பாயை முழுவதும் நிரப்பாமல் விடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒயினின் மேற்பரப்பில் ‘ஃப்ளோர்’ எனப்படும் ஈஸ்ட் ஏடு படர்கிறது. காற்றிலிருந்து ஒயினைக் காக்கும் அந்த ஏடு, ஒயினில் எஞ்சியிருக்கும் சர்க்கரையையும் கிளிசராலையும் உண்டு, பச்சை ஆப்பிளும் பாதாமும் ரொட்டி மாவும் கலந்ததுபோன்ற மணத்தை உருவாக்குகிறது. பழைய பீப்பாயிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அந்த இடத்தை அடுத்த இளைய பீப்பாயிலிருந்து நிரப்பும் ‘சொலேரா’ முறையில் இது முதிர்வதால், பாட்டிலின் மீது பெரும்பாலும் ஆண்டு குறிக்கப்பட்டிருக்காது. காடியில் ஊறிய மிளகாயும் உப்பில் ஊறிய மீனும் பிற ஒயின்கள் பெரும்பாலானவற்றைக் கெடுத்துவிடும். இந்த ஒயின் மட்டும் அவற்றுக்கு முன் அசையாமல் நிற்கும். அந்தக் குச்சிக்கு ‘ஹில்டா’ என்று பெயர், அது சான் செபாஸ்தியானின் பெருமை. அதனோடு, அந்த நகரம் அமைந்த பாஸ்க் நாட்டின் சக்கோலி ஒயினை அருந்துவதே உள்ளூர் வழக்கம் என்றாலும், ஷெர்ரியைத் தேர்ந்தது துணிவான, சரியான தேர்வு என்றே நான் கருதுகிறேன்.

சாப்லி, பர்கண்டியின் வடகோடியில் ஷார்தொனே திராட்சையிலிருந்து வருவது. அங்குள்ள, கிம்மரிஜியன் என்னும் தொல் புவிக்காலத்துச் சுண்ணாம்புக் களிமண்ணில் சிறிய சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்திருக்கின்றன. சிப்பி மண்ணில் விளைந்த ஒயின் சிப்பியோடு பொருந்துகிறது என்று பரிமாறுபவர் சொல்லக்கூடும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கொடியின் வேர் கல்லின் சுவையை உறிஞ்சிக் கோப்பைக்குக் கொண்டுவருவதில்லை. உண்மையான காரணம் குளிர். வசந்தத்தில்கூட உறைபனி விழும் அந்தப் பகுதியில் திராட்சை தன் புளிப்பை இழக்காமல் பழுக்கிறது. சிப்பியின் உவர்ப்பை அந்தப் புளிப்பு வெட்டிச் சுத்தமாக்குகிறது. எளிய சாப்லி வகைகளைப் பெரும்பாலும் புதிய ஓக் பீப்பாயில் வைப்பதில்லை என்பதால் மர வாசனை குறுக்கே வருவதும் இல்லை. மகளின் ஊருக்கு அருகே ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பியைச் சிறு தொத்திறைச்சியோடும் போர்தோவின் வெள்ளை ஒயினோடும் உண்பார்கள். வாய்ப்பிருந்தால் அதையும் ஒருமுறை சுவைத்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

அல்பரீன்யோ, ஸ்பெயினின் வடமேற்கில் மழை கொட்டும் கலீசியாவின் ரீயாஸ் பைஷாஸ் பகுதியைச் சேர்ந்தது. ஈரத்தால் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கருங்கல் தூண்களின் மேல் பந்தல் போட்டுக் கொடியைப் படரவிட்டு, காற்று கீழே ஓடும்படி செய்கிறார்கள். மெர்லூசாவின் பச்சைச் சாறு பூண்டு, பார்ஸ்லி, ஆலிவ் எண்ணெய், மட்டி ஆகியவற்றால் ஆனது. சட்டியை அசைத்து அசைத்து, மீனிலிருந்து வரும் பசையை எண்ணெயோடு கூடவைத்துச் சாற்றைக் கெட்டியாக்குவார்கள். அந்த எண்ணெய்ப் பதத்துக்கு சாப்லியைவிடச் சற்றே கனமும் மணமும் கூடிய, ஆனால் புளிப்புக் குறையாத ஒயின் தேவை. அந்த இடத்தை அல்பரீன்யோ சரியாக நிரப்புகிறது.

இந்த விருந்தின் இதயம் நான்காம் சுற்று. இரண்டு சிவப்பு ஒயின்களையும் உணவுக்கு முன் தனித்தனியே சுவையுங்கள். போயாக் உங்கள் ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் இறுக்கிப் பிடிக்கும். பால் சேர்க்காத கடுந்தேநீர் விட்டுச் செல்லும் அதே துவர்ப்பு அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் ஓக் மரத்திலும் இருக்கும் டானின், உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து வாயை வறளச் செய்வதால் அந்த உணர்வு உண்டாகிறது. போயாக்கின் முதன்மைத் திராட்சையான கபர்னே சோவினியோன் தடித்த தோலும் சிறிய கனியும் உடையது என்பதால் அதில் டானின் மிகுதி. இறைச்சியை ஒரு வாய் உண்டபின் அதே ஒயினை அருந்துங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினில் ஒரு பங்கைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் துவர்ப்புத் தணிந்து, அதுவரை மறைந்திருந்த கருந்திராட்சையின் சாறும் தேவதாரு மரத்தின் மணமும் மேலெழும். ஒயின் இணையின் முழு நியாயத்தையும் ஒரே வாயில் உணர விரும்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ரியோஹா கிரான் ரெசெர்வா வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. அந்தப் பெயர் பெற வேண்டுமானால், அந்தப் பகுதியின் விதிப்படி, சிவப்பு ஒயின் குறைந்தது 5 ஆண்டுகள் முதிர வேண்டும். அதில் குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் பீப்பாயிலும் 2 ஆண்டுகள் பாட்டிலிலும் கழிய வேண்டும். தெம்பிரனீயோ திராட்சையின் துவர்ப்பு அத்தனை ஆண்டுகளில் தானே கரைந்து, மரபாகப் பயன்படும் அமெரிக்க ஓக் தரும் வெனிலா, தேங்காய் மணத்தோடும், தோல், காய்ந்த இலை போன்ற முதிர்ச்சியின் மணங்களோடும் கலந்துவிடுகிறது. ஆகவே இறைச்சி இதைப் போயாக்கைப்போல் திருத்த வேண்டியதில்லை, உடன் நடந்தால் போதும்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்க்கேஸ் தே முரியேத்தா, மார்க்கேஸ் தே ரிஸ்கால் போன்ற ரியோஹா ஒயின் நிறுவனங்கள் போர்தோவின் முறைகளையும் 225 லிட்டர் பீப்பாயையும் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தன. 1860-களில் ஃபிலாக்ஸீரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களைத் தாக்கத் தொடங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் கொடிகளை அழித்துக்கொண்டே சென்றபோது, ஒயின் கிடைக்காத போர்தோ வணிகர்கள் ரியோஹாவின் ஹாரோ நகருக்கு வந்து, புகைவண்டி நிலையத்தைச் சுற்றியே கொள்முதல் செய்தார்கள். அந்த நிலையத்தைச் சூழ்ந்த பழைய ஒயின் கிடங்குகள் இன்றும் இயங்குகின்றன. பின்னர் அதே பூச்சி ரியோஹாவையும் எட்டியது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் இரு நாடுகளும் மீண்டன. அன்றிரவு உங்கள் முன் நிற்கும் இரண்டு கோப்பைகளும் ஒன்றுக்கொன்று உறவினர்கள் என்பதை அறிந்து சுவைத்தால் அவற்றின் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

கடைசிச் சுற்றில், உப்பு மிகுந்த நீலப்பூஞ்சைப் பாலாடைக்கட்டியோடு தேன்போன்ற இனிப்பு ஒயினைச் சேர்ப்பது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ரோக்ஃபோர், செம்மறியாட்டுப் பாலில் செய்து கொம்பாலூ மலையின் இயற்கைக் குகைகளில் பழுக்கவைக்கப்படுவது. 1925-இலேயே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சோத்தெர்ன் பகுதியில் இலையுதிர் காலத்தில் சிரோன் என்னும் குளிர்ந்த சிற்றாறு, வெதுவெதுப்பான கரோன் ஆற்றோடு கலக்கும்போது காலையில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை திராட்சையின் தோலைத் துளைக்கிறது, பிற்பகல் வெயில் நீரை ஆவியாக்குகிறது, எஞ்சுவது செறிந்த சர்க்கரையும் செறிந்த புளிப்பும். எல்லாப் பழமும் ஒரே நாளில் அந்த நிலைக்கு வராததால், பறிப்பவர்கள் ஒரே தோட்டத்துக்குள் பலமுறை திரும்பத் திரும்பச் செல்கிறார்கள். அந்த ஒயினின் விலைக்கு இதுவே முக்கியக் காரணம். பாலாடைக்கட்டியின் உப்பு ஒயினின் இனிப்பை எடுத்துக்காட்டுகிறது, இனிப்பு பூஞ்சையின் காரத்தைத் தணிக்கிறது, புளிப்பு கொழுப்பைக் கழுவுகிறது. மிகச் சிறிய துண்டோடு மிகச் சிறிய வாயாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தகைய விருந்தில் ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 70 மில்லி ஊற்றுவார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆறு கோப்பைகளும் சேர்ந்து 420 மில்லி, அதாவது பாதிப் பாட்டிலுக்கும் மேல் ஆகும். அதிலுள்ள தூய ஆல்கஹால் 40 கிராமைத் தாண்டும். இதுவரை அருந்தியிராத உங்களுக்கு அது மிக அதிகம். பாதி அளவே ஊற்றும்படி முதலிலேயே கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டே வாய் சுவைத்து மீதியை விட்டுவிடுங்கள். ஒயினுக்கு நிகராகத் தண்ணீரும் அருந்துங்கள். அன்றிரவு மகளும் கார் ஓட்டக் கூடாது. அந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள்.

கேள்வி: மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதி இன்னும் செல்லுமா?
— வாசகர், லியோன்

பதில்: தொடங்குகிறவருக்கு அது பயனுள்ள விதி. ஆனால் அந்த இரு நாடுகளின் பழைய சமையலே அதை மீறியிருக்கிறது. போர்தோவில் விலாங்கைப் போன்ற உருவமுள்ள லாம்ப்ரே மீனைச் சிவப்பு ஒயினிலேயே சமைத்து, சேன்ட் எமிலியோன் போன்ற சிவப்பு ஒயினோடுதான் உண்பார்கள். பாஸ்க் நாட்டில் உப்பிட்டு உலர்த்திய காட் மீனோடு ரியோஹா சிவப்பு அருந்துவது குடும்பங்களின் வழக்கம். சிவப்பு ஒயினோடு சில கடல் உணவுகள் உலோகச் சுவையும் மீன் கவிச்சையும் தருவதற்குக் காரணம் டானின் மட்டுமன்று. ஒயினில் இரும்புச் சத்து மிகுந்தால் அந்தக் கவிச்சை கூடுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கடற்சிப்பி வகை ஒன்றைக்கொண்டு காட்டினார்கள். வெள்ளை ஒயினிலும் இரும்பு மிகுந்தால் அதே விளைவு உண்டு. ஆகவே நிறத்தைப் பார்ப்பதைவிட, சமைத்த முறையையும் சாற்றையும் பாருங்கள். வறுத்த, சுட்ட, காளான் சேர்த்த மீனுக்கு பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பைச் சற்றுக் குளிரவைத்து அருந்தலாம். பச்சையாக உண்ணும் சிப்பிக்கு வேண்டாம்.

கேள்வி: பரிமாறுபவர் என் கோப்பையில் மட்டும் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் காத்து நிற்கிறார். அப்போது என்ன செய்ய வேண்டும்? தக்கையை முகர வேண்டுமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: ஒயின் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, பாட்டில் கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்கிறார். தக்கையில் சில வேளைகளில் உருவாகும் டிசிஏ என்னும் சேர்மம், ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம் அளவில் இருந்தாலே ஒயினின் பழமணத்தை விழுங்கி, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையைத் தந்துவிடும். கோப்பையைச் சுழற்றி ஒருமுறை முகர்ந்தால் போதும். அந்த வாடை இல்லையென்றால் தலையசையுங்கள், இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல உணவகம் தானும் முகர்ந்து பார்த்து வேறு பாட்டிலைத் திறக்கும், அதற்குக் கட்டணம் கேட்காது. தக்கையை முகர்வதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழைய ஒயினாயின் அதில் பொறித்த பெயரும் ஆண்டும் பாட்டிலோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் சைவ உணவினர். என் மகன் பார்சலோனாவில் படிக்கிறான். ஒயின் இணைப்போடு விருந்து என்றால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? அது உண்மையில் சைவமாக இருக்குமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலர் அதைக் கேட்பதே இல்லை. ஒயினில் மிதக்கும் துகள்களையும் மிகையான டானினையும் படியவைத்துத் தெளிவாக்க, முட்டையின் வெண்கரு, பாலின் கேசின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவை காலங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. போர்தோவின் சிவப்பு ஒயின்களுக்கும் ஹெரெஸின் ஷெர்ரிக்கும் வெண்கருவே மரபு. மிஞ்சிய மஞ்சள்கருவிலிருந்துதான் அந்த ஊர்களின் புகழ்பெற்ற இனிப்புகள் பிறந்தன என்று இரண்டு இடங்களிலும் சொல்வார்கள். இந்தப் பொருள்கள் பெரும்பாலும் வண்டலோடு வடிந்துவிடும் என்றாலும், கண்டிப்பான சைவ உணவினர் முன்பதிவின்போதே, விலங்குப் பொருள் எதுவும் சேராத, ‘வீகன்’ என்று குறித்த ஒயின்களைக் கேட்க வேண்டும். களிமண் கொண்டு தெளியவைத்தவையும் தெளியவைக்காமலே பாட்டிலில் அடைத்தவையும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ரோக்ஃபோர் உட்பட மரபுவழிப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிப்பதற்கு ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்பெயினின் தோர்த்தியா என்னும் அடையில் முட்டை இருக்கும். ‘சைவச் சூப்’ என்பதன் அடியில் பன்றி இறைச்சிச் சாறு இருக்கக்கூடும்.

இணையைப் பொறுத்தவரை உங்களுக்குக் குறையொன்றும் இல்லை. காளானோடு பர்கண்டியின் பினோ நுவாரோ முதிர்ந்த ரியோஹாவோ இறைச்சியைக் காட்டிலும் ஆழமாகப் பொருந்தும், ஏனெனில் முதிர்ந்த ஒயினின் மண்மணமும் காளானின் மணமும் ஒரே திசையில் செல்பவை. சுட்டுத் தோலுரித்த செம்மிளகாயோடு நவாராவின் இளஞ்சிவப்பு ஒயின் நன்றாக இருக்கும். லுவார் ஆற்றங்கரையின் சான்செர் ஒயினும் அதே மலைச்சரிவுகளில் மேயும் வெள்ளாட்டுப் பாலில் செய்த ஷவினியோல் பாலாடைக்கட்டியும் ஒன்றுக்காக மற்றொன்று பிறந்தவை என்றே சொல்லலாம், ரென்னெட் உங்களுக்குத் தடையில்லையென்றால். ஆர்ட்டிசோக், அஸ்பராகஸ் இரண்டும் ஒயினுக்குத் தொல்லை தருபவை. ஆர்ட்டிசோக்கிலுள்ள சைனரின் என்னும் பொருள், அதன் பிறகு அருந்தும் எதையும் போலியாக இனிக்கவைக்கும். அவற்றுக்கு, மான்சனீயாவைப் போலவே இனிப்பில்லாத ஃபினோ ஷெர்ரியைக் கேளுங்கள்.

கேள்வி: பார்சலோனாவில் ஒரு விருந்தில் ஷாம்பெய்னுக்குப் பதிலாகக் காவா தந்தார்கள். இது தரக்குறைவா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: இல்லை. கத்தலோனியாவின் பெனதேஸ் பகுதியில், பார்சலோனாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத சான் சதுர்னீ தனோயாவில், கொதோர்னியூ நிறுவனம் 1872-இல் முதல் பாட்டில்களைத் தயாரித்ததிலிருந்து, காவாவும் ஷாம்பெய்னைப்போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்துத்தான் உருவாகிறது. வேறுபாடு திராட்சையிலும் தட்பவெப்பத்திலும் காலத்திலும் இருக்கிறது. காவாவுக்கு மக்காபேயோ, ஷரேல்லோ, பரெயாதா. ஷாம்பெய்னுக்கு ஷார்தொனே, பினோ நுவார், முனியே. ஆண்டு குறிக்காத ஷாம்பெய்ன் குறைந்தது 15 மாதங்கள் முதிர வேண்டும், எளிய காவாவுக்கு 9 மாதங்கள் போதும். ஆகவே ஷாம்பெய்னின் ரொட்டி மணமும் கூரிய புளிப்பும் எளிய காவாவில் குறைவாகவே இருக்கும். ஆனால் 30 மாதங்கள் முதிர்ந்த ‘கிரான் ரெசெர்வா’ காவா மிக உயர்ந்த ஒயின். அதன் விலையில் அதற்கு இணையான ஷாம்பெய்ன் கிடைப்பது அரிது. பொரித்த உணவுக்கு இரண்டுமே அருமையாகப் பொருந்தும். குமிழும் புளிப்பும் எண்ணெயைத் துடைத்தெடுக்கும்.

கேள்வி: விலை உயர்ந்த இணை, எளிய இணை என்று உணவகத்தில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது?
— வாசகர், சென்னை

பதில்: முதல் முறையாயின் எளியதையே எடுங்கள். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெடோக் பகுதியின் சிவப்பு ஒயின்களைத் தரவரிசைப்படுத்தியபோது, போர்தோவின் தரகர்கள் நெடுங்காலமாக நிலவிய சந்தை விலையையே முக்கிய அளவுகோலாகக் கொண்டார்கள். அந்தப் பட்டியலில் பின்னர் நடந்த பெரிய மாற்றம் 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்னும் ஒயின் தோட்டம் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது ஒன்றுதான். அந்தப் பெயர்களுக்காக இன்றும் பெருந்தொகை கொடுக்கிறோம், அவற்றில் பல அதற்குத் தகுதியானவைதாம். ஆனால் உயர்விலைப் போர்தோ ஒன்று இளமையிலேயே திறக்கப்பட்டால் அதன் துவர்ப்பு உணவை நசுக்கிவிடும். ‘ரெசெர்வா’ என்ற சொல்லும் முதிர்ந்த காலத்தைத்தான் உறுதிசெய்கிறது, சுவையை அன்று. எளிய இணையில் ஷெர்ரி, முஸ்காடே, அல்பரீன்யோ, லுவாரின் கபர்னே ஃப்ராங் போன்ற பெயர்களைக் கண்டால், தேர்ந்தெடுத்தவர் அக்கறையோடு தேடியிருக்கிறார் என்று நம்பலாம்.

கேள்வி: காரம் உண்டு பழகிய நாக்கால் இந்த நுண்சுவைகளை உணர முடியுமா?
— வாசகி, பாரிஸ்

பதில்: ஐயமே வேண்டாம், முடியும். காரம் என்பது வலி நரம்புகளின் வழியே வரும் உணர்வு. அது சுவையையும் முகரும் திறனையும் நிலையாகக் கெடுப்பதில்லை. ஆனால் ஒரே வேளையில் இரண்டையும் சேர்க்கும்போது கவனம் வேண்டும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், எரியும் வாயில் டானின் கசப்பாகத் தெரியும். அதனால் விருந்துநாள் பகலில் மட்டும் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பாஸ்க் பகுதியின் எஸ்பலெத் மிளகாய் மிக மென்மையானது. அதைத் தூவிச் சமைத்த கன்றிறைச்சியோடு அதே மலைகளின் இருலெகி சிவப்பு ஒயினை உள்ளூர்க்காரர்கள் அருந்துகிறார்கள். அதைவிடக் காரம் கூடினால் சிவப்பை விட்டுவிட்டு, ஆல்கஹால் குறைந்த, சற்றே இனிப்புள்ள வெள்ளைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஒயினைச் சுவைத்துவிட்டுத் துப்புவது நாகரிகமா?
— வாசகர், மதுரை

பதில்: ஒயின் தயாரிக்கும் இடங்களில் அது நாகரிகம் மட்டுமன்று, எதிர்பார்க்கப்படுவதும்கூட, அதற்கென்றே வாளி வைத்திருப்பார்கள். இரவு விருந்தில் அப்படிச் செய்வதில்லை. வேண்டாததைக் கோப்பையிலேயே விட்டுவிடலாம், எவரும் வருந்தமாட்டார்கள்.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?
— வாசகர், சேலம்

பதில்: பிரெஞ்சு மக்கள் கொழுப்பு மிகுந்த உணவை உண்டும் இதய நோய் குறைவாக இருப்பது ஒயினால்தான் என்ற கருத்து, 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் மூலம் உலகெங்கும் பரவியது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைப் பெரிதும் தளர்த்திவிட்டன. ஆல்கஹால் பானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் வெளிப்படையாகச் சொன்னது. ஆகவே நலத்துக்காக ஒயினைத் தொடங்காதீர்கள். மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்றவர்களும் விலகியே இருக்க வேண்டும். பல உணவகங்கள் இப்போது பழச்சாறு, தேநீர், நொதித்த பானங்களைக்கொண்டு ஆல்கஹால் இல்லாத இணையையும் அதே அக்கறையோடு தருகின்றன.

கேள்வி: நாங்கள் இருவர் மட்டுமே. ஆறு ஒயின்கள் வேண்டாம், ஒரே ஒயினோடு முழு விருந்தையும் உண்ண முடியுமா?
— வாசகர், டொராண்டோ

பதில்: முடியும். மீனும் காய்கறியும் மிகுந்த விருந்தாயின், ‘ப்ரூட்’ (இனிப்பு மிகக் குறைந்தது) என்று குறித்த ஷாம்பெய்னையோ நன்கு முதிர்ந்த காவாவையோ தேர்ந்தெடுங்கள். ஆலிவ் முதல் மீன் வரை அது சலிக்காமல் உடன்வரும். நடுவில் இறைச்சிச் சுற்று இருந்தால், வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக 375 மில்லி அரைப் பாட்டில்கள் இரண்டைக் கேளுங்கள். எல்லா உணவகங்களும் அவற்றை வைத்திருப்பதில்லை. அரைப் பாட்டில் இல்லாத இடத்தில், இறைச்சிச் சுற்றுக்கு மட்டும், கிரான் ரெசெர்வாவைவிடக் குறைந்த காலம் முதிர்ந்த ரியோஹா கிரியான்சாவைக் கோப்பைக் கணக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.